இரண்டாம் சுற்று

விண்ணப்பம் ஃப்ரீஸரில் கிடைத்தது,
மீன் துண்டுகளுக்கு அடியில், நான்கு நாள் கழித்து.
மஞ்சள் உறை. விறைத்திருந்தது.
அங்கே வைத்தது எய்னோ இல்லை. நான்தான்.

மறதிக்காரப் பையனுக்கு உதவி கேட்கப்
பதினோரு பக்கம், மூன்று கையெழுத்து,
மருத்துவர் கடிதம், போன வருட மதிப்பெண்,
எல்லாம் ஒரே தேதிக்குள்.
இதை யோசித்தவர் வீட்டில்
சாவி எப்போதும் ஆணியில் தொங்கும் போல.

டிசம்பர் ஒன்பது, காலை ஏழே முக்கால்.
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில்
இரவு இரண்டு மணியிலிருந்து பனி தள்ளிவிட்டு
வண்டியைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தினேன்.
ஆரஞ்சு விளக்கை அணைக்க மறந்துபோனது.
கூட்டம் முழுக்க அது
முதல்வர் ஸ்டாவிஸ்கியின் வழுக்கையில்
சுற்றிச் சுற்றி வந்தது.

குழந்தைகள் நாற்காலி; முழங்கால் நெஞ்சை முட்டியது.
எதிரே ஐந்து பேர், ஐந்து பேனா.
நடுவில் என் மகன், காகிதமாக.
இருக்கையை விட்டு எழுந்தது: நாற்பது நிமிடத்தில் பதினேழு முறை.
பென்சில் தொலைத்தது: வாரத்தில் ஒன்பது.
ஏரிப் பக்கம் பார்த்தது:
அங்கே எண் இல்லை. 'அடிக்கடி' என்றிருந்தது.

ஏரியில் எதைப் பார்த்தான் என்று
ஒருவரும் எழுதவில்லை.
இரும்புத் தாது ஏற்ற வரும் கப்பல்கள்.
எது எத்தனை அடி, புகைபோக்கி என்ன நிறம்,
பாலம் எப்போது தூக்கும்,
அத்தனையும் ஒப்பிப்பான்,
இடது காலணியைத் தேடிக்கொண்டே.

"புத்திசாலிதான். முயற்சி செய்தால்..." என்றார்
மிஸ் ஹால்வர்சன்.

அந்தச் 'செய்தால்' எனக்குப் பழைய சிநேகிதம்.
இதே ஊர், வேறு பள்ளி.
என் ஒவ்வொரு அறிக்கையிலும்
கடைசி வரியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும்.
அம்மா கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.
கேட்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தேன்.
காகிதம் வண்டியில் இருந்தது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:

பனி கொட்டிய காலையில்
பஸ் மேட்டில் ஏறாமல் நின்றால்
பஸ்ஸைச் சோம்பேறி என்கிறீர்களா?
எனக்கு ஃபோன் போடுகிறீர்கள்.
வந்து தள்ளுகிறேன்.
ஒரு சுற்றில் போகாது, நான் திரும்புவதற்குள்
பின்னால் மூடிக்கொள்ளும். மறுபடி தள்ளுவேன்.
சாலை தானாகத் திருந்தும் என்று
இந்த ஊரில் எவரும் காத்திருந்ததில்லை.

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு பேனாக்கள்.

தேர்வுக்குக் கூடுதல் நேரம்: சரி.
வீட்டுப்பாடம் பாதி: பார்க்கலாம்.
பக்கத்தில் துணைக்கு ஒருவர்: பணம் இல்லை.
இதை அவர்கள் ஏழு நிமிடத்தில் சொன்னார்கள்.
நாற்காலிக் கால்களுக்கிடையே ஒரு ரப்பர் பட்டை,
அவன் பாதங்கள் உதைத்துக்கொண்டிருக்க: சரி, உடனே.
ஜன்னலிலிருந்து இடம் மாற்றம்...

"வேண்டாம்," என்றார் மிஸ் ஹால்வர்சன்.
எனக்கே தூக்கிவாரிப்போட்டது.
"கப்பல் போனதும் என்னிடம் வந்துவிடுவான்.
சுவர்ப் பக்கம் உட்கார வைத்துப் பார்த்தேன்,
அங்கிருந்துதான் திரும்பவே இல்லை."
அதைக் குறிப்பில் எழுதவில்லையே என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
அவர் விரல்களில் சுண்ணக்கட்டி;
நகங்கள் எல்லாம் கடித்தவை.

வெளியே எய்னோ, ஒற்றைக் கையுறையோடு.
"பதினேழு தடவைதானா?" என்றான்,
கதவருகே நின்று கேட்டிருக்கிறான்.
அவன் கணக்கில் இருபதுக்கு மேல்.

வண்டியைக் கிளப்பும்போது
மிஸ் ஹால்வர்சன் பனியில் ஓடிவந்தார்,
கோட்டுகூட இல்லாமல்.
கையெழுத்தான பிரதியை மேசையிலேயே விட்டிருந்தேன்.

உறையை அவன் மடியில் போட்டேன்.
பத்திரமாக வை, என்றேன்.
கொஞ்சம் யோசித்தான்.
"ஃப்ரீஸர்லயா?"